வாசல் வெளிச்சமே முதல் மூலதனம்: தொழில் கற்பிக்கும் வீடியோவைத் தெளிவாக எடுப்பது எப்படி?

கடைக்கு வரும் வாடிக்கையாளர் முதலில் செய்வது பொருளைத் தொட்டுப் பார்ப்பதுதான். துணியென்றால் விரலுக்கிடையில் வைத்துக் கசக்கிப் பார்ப்பார். பாத்திரமென்றால் தட்டிப் பார்ப்பார். நகையென்றால் வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். இணையத்தில் பார்ப்பவருக்கு இந்த வசதிகள் எதுவும் இல்லை. அவருக்குக் கண் ஒன்றுதான் கை. நாம் காட்டும் படம் மங்கலாக இருந்தால் அவர் பொருளைத் தொடாமலேயே திரும்பிப் போய்விட்டார் என்றுதான் அர்த்தம்.

"அபாயாவுக்குக் கைப்பகுதி வெட்டுவது எப்படி?", "தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விடுவது எப்படி?", "வட்டிலப்பம் இறுகாமல் போவது ஏன்?" என்று செய்முறை சொல்லித்தரும் வீடியோக்கள் இன்று பெரிய வியாபார வாசலாகிவிட்டன. தொழிலைச் சொல்லித் தருபவரிடமே மக்கள் பொருளையும் வாங்குகிறார்கள். ஆனால் நம்மவர்கள் எடுக்கும் பல வீடியோக்களில் விஷயம் இருக்கிறது, வெளிச்சம் இல்லை. இந்த வாரம் அதைப்பற்றிப் பார்ப்போம்.

நமக்கு ஏன் இது அவசியம்?

1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண நகர முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது கைவிட்டுப் போனவை கடைகளும் சரக்குகளும் இயந்திரங்களும் மட்டுமல்ல. சோனகதெருவிலும் அதன் அயலிலும் தந்தையிடமிருந்து மகனுக்கும், உஸ்தாதிடமிருந்து பெடியனுக்கும் போய்க்கொண்டிருந்த தொழிலறிவும் சிதறியது. தையல், நகை வேலை, இரும்பு வியாபாரம் எனப் பல துறைகளில் இருந்தவர்கள் புத்தளம், நீர்கொழும்பு, கொழும்பு என்று பிரிந்து போனார்கள். 2009 இல் யுத்தம் முடிந்தபின் திரும்பி வந்து கடை திறந்தவர்கள் அன்றிருந்தவர்களில் ஒரு பகுதியினரே.

ஆகவே இன்று ஒரு யாழ்ப்பாண வியாபாரியின் பழைய வாடிக்கையாளர் லண்டனிலோ டொரண்டோவிலோ இருக்கலாம். அவருடைய தொழிலைப் பழக வேண்டிய பேரன் புத்தளத்தில் இருக்கலாம். எழுபது வயதான ஒரு தையல்காரரின் கையில் இருக்கும் நுணுக்கத்தை எந்தப் புத்தகமும் எழுதி வைக்கவில்லை. அது அவருடன் போவதற்கு முன் பதிவாக வேண்டும். அப்படிப் பதியும்போது ஊசி எந்தப் பக்கத்தால் போகிறது என்பதே தெரியாவிட்டால் பதிந்தும் பயனில்லை.

சின்ன வீரமங்கலத்தைப் பாருங்கள்

"இதற்கெல்லாம் ஸ்டூடியோ வேண்டும், இலட்சக்கணக்கில் கமரா வேண்டும்" என்று சொல்பவர்கள் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள சின்ன வீரமங்கலம் என்ற கிராமத்தைப் பார்க்க வேண்டும். அங்கே பெரியதம்பி என்ற முதியவரும் அவரது பேரன்மாரும் 2018 இல் 'வில்லேஜ் குக்கிங் சனல்' என்ற பெயரில் சமையல் வீடியோக்களைப் போடத் தொடங்கினார்கள். 2021 ஆம் ஆண்டு ஒரு கோடி சந்தாதாரர்களைப் பெற்ற முதலாவது தமிழ் யூடியூப் சனலாக அது மாறியது. அதே ஆண்டில் தமிழக முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்குப் பத்து இலட்சம் இந்திய ரூபாவை அவர்கள் வழங்கினார்கள்.

அவர்களின் சமையலறை எது? வயல்வெளியும் திறந்த வானமும்தான். பகல் வெளிச்சத்தில் சமைக்கிறார்கள். வெங்காயம் வெட்டும் கை, எண்ணெயில் விழும் மசாலா, கொதிக்கும் சட்டி என்று ஒவ்வொன்றையும் கிட்ட நின்று தெளிவாகக் காட்டுகிறார்கள். பார்ப்பவர் மொழி தெரியாதவராக இருந்தாலும் செய்முறை விளங்கிவிடுகிறது. சூரியன் தரும் வெளிச்சத்துக்கு மின்சாரக் கட்டணமும் இல்லை. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததே, அன்றும் சூரியன் வேலைநிறுத்தம் செய்யவில்லை!

படம் ஏன் மங்குகிறது?

காரணத்தை விளங்கிக்கொண்டால் பரிகாரம் தானாக வரும். கையடக்கத் தொலைபேசியின் கமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கும் தகடு சுண்டுவிரல் நகத்தின் அளவுதான் இருக்கும். வெளிச்சம் குறைந்தால் அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் திறந்திருந்து வெளிச்சத்தைச் சேர்க்கிறது. அப்போது அசையும் கை இழுபட்டுத் தெரியும். இரண்டாவது, கிடைத்த சிறிய வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டுகிறது. அப்போது படம் முழுவதும் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் வரும். இந்தப் புள்ளிப் படத்தை இணையத்தில் ஏற்றும்போது யூடியூப் அதைச் சுருக்குகிறது. சுருக்கும்போது புள்ளிகளோடு துணியின் இழையும் சேர்ந்து அழிந்துவிடுகிறது. ஆகவே "போன் சரியில்லை" என்று புதிய போன் வாங்க ஓடுவதற்கு முன் வெளிச்சத்தைச் சரிசெய்ய வேண்டும்.

அதற்கும் முன்பு செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. லென்ஸைத் துடையுங்கள். சட்டைப் பையிலும் கல்லாப்பெட்டியிலும் கிடக்கும் போனின் லென்ஸில் விரல் எண்ணெயும் துணித்தூசும் படிந்திருக்கும். கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் ஒருமுறை துடைத்தாலே பாதிப் பனிமூட்டம் நீங்கிவிடும்.

வெளிச்சத்தை எங்கே வைப்பது?

பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம், பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' என்ற நூலில், பொருளின்மேல் பட்ட வெளிச்சம் கண்ணுக்குள் வருவதால்தான் நாம் பார்க்கிறோம் என்று விளக்கினார். கமராவின் அடிப்படையும் இதுதான். வெளிச்சம் பொருளின்மேல் பட்டுக் கமராவுக்கு வர வேண்டும். விளக்கே நேராகக் கமராவைப் பார்க்கக் கூடாது.

நமது கடைகளின் அமைப்பை யோசித்துப் பாருங்கள். முன்பக்கம் முழுவதும் வீதிக்குத் திறந்திருக்கும். உள்ளே போகப் போக இருட்டு. முதலாளி வாசலுக்கு முதுகைக் காட்டி நிற்க, உள்ளேயிருந்து ஒருவர் வீடியோ எடுத்தால் வீதிதான் பளிச்சென்று தெரியும். முதலாளி கரிய நிழலாக நிற்பார். இதை மாற்றிப் போடுங்கள். மேசையை வாசலருகே, வெயில் நேரடியாக விழாத இடத்துக்குக் கொண்டு வாருங்கள். வேலை செய்பவர் வாசலைப் பக்கவாட்டில் வைத்து, சற்று அதை நோக்கித் திரும்பி இருக்கட்டும். வெளிச்சம் ஒரு பக்கத்தால் சாய்ந்து விழ வேண்டும். அப்போதுதான் தையலின் மேடு பள்ளம், மரத்தின் வரி, மாவின் பதம் எல்லாம் தெரியும். நேர் முன்னாலிருந்து விழும் வெளிச்சத்தில் எல்லாம் தட்டையாகிவிடும்.

மறுபக்கத்தில் நிழல் அதிகமாக இருந்தால் வெள்ளை ரெஜிபோம் தகடொன்றை நிறுத்தி வையுங்கள். வாசலிலிருந்து வரும் வெளிச்சத்தை அது திருப்பி அடிக்கும். வெள்ளைச் சுவரும் வெள்ளை வேட்டியும்கூட இதே வேலையைச் செய்யும்.

வெளியில் எடுப்பதானால் நேரத்தைத் தெரிவு செய்யுங்கள். யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மற்றைய மாதங்களிலும் மதிய வெயில் கடுமையானது. நெற்றியின் நிழல் கண்ணை மூடும், கையின் நிழல் வேலையை மறைக்கும். காலை ஒன்பது மணிக்கு முன்னரும் மாலை நான்கு மணிக்குப் பின்னரும் எடுப்பது நல்லது. கட்டாயம் மதியத்தில்தான் எடுக்க வேண்டுமென்றால் மேலே ஒரு மெல்லிய வெள்ளைத் துணியைப் பந்தல்போலக் கட்டுங்கள். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாரி காலத்தில் மேகமே நமக்கு இலவசப் பந்தல். மழை விட்டிருக்கும் நேரங்களில் நிழலில்லாத மென்மையான வெளிச்சம் கிடைக்கும்.

மின்விளக்கு வாங்குவோர் கவனத்துக்கு

இரவில்தான் ஓய்வு கிடைக்கும் என்பவர்கள் மின்விளக்கை நம்ப வேண்டியிருக்கும். அவர்கள் நான்கு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது தூரம். விளக்கு இரண்டு அடி தூரத்தில் இருக்கும்போது மேசைக்குக் கிடைக்கும் வெளிச்சம், அதை நான்கு அடிக்குத் தள்ளினால் பாதியாவதில்லை, ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். ஆகவே பெரிய விளக்கை முகட்டில் தொங்கவிடுவதைவிடச் சிறிய விளக்கைக் கிட்ட வைப்பதே இலாபம்.

இரண்டாவது மென்மை. குமிழைத் திறந்தபடி வைத்தால் கூர்மையான கறுப்பு நிழல் விழும். விளக்குக்கு முன்னால், சூடு படாத தூரத்தில், வெள்ளைத் துணியையோ ட்ரேசிங் தாளையோ பிடித்தால் வெளிச்சம் பரந்து வரும்.

மூன்றாவது நிறம். எல்ஈடி மின்குமிழின் பெட்டியில் 3000கே, 6500கே என்று எழுதியிருக்கும். 3000கே மஞ்சள் வெளிச்சம், 6500கே பகல்போன்ற வெள்ளை வெளிச்சம். இரண்டையும் கலந்தால் ஒரே துணி ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் தெரியும். வாசல் வெளிச்சத்தில் எடுக்கும்போது உள்ளே எரியும் மஞ்சள் குமிழை அணைத்துவிட வேண்டும் என்பதும் இதனால்தான். பெட்டியில் 'சிஆர்ஐ' என்ற ஓர் எண்ணும் இருக்கலாம். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு அது. 90 அல்லது அதற்கு மேல் உள்ளதைத் தெரிவு செய்யுங்கள். துணிக்கடைக்காரருக்கும் நகைக்கடைக்காரருக்கும் இது மிக முக்கியம்.

நான்காவது துடிப்பு. நமது நாட்டின் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இதனால் மலிவான பல விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை மங்கி ஒளிர்கின்றன. கண்ணுக்கு அது தெரியாது, கமராவுக்குத் தெரியும். படத்தில் கறுப்புப் பட்டிகள் மேலும் கீழும் ஓடுவது இதனால்தான். போனில் 'புரோ' வீடியோ முறை இருந்தால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள். செக்கனுக்கு 25 படங்கள் என்ற தெரிவு இருந்தால் அதையே எடுங்கள். ஐபோனில் கமரா அமைப்புக்களில் 'பிஏஎல்' வடிவங்களைக் காட்டும் தெரிவைத் திறந்தால் இந்த 25 கிடைக்கும். எதுவும் சரிவராவிட்டால் விளக்கை மாற்றிப் பாருங்கள், அல்லது பகலில் எடுங்கள்.

கூர்மைக்கு ஐந்து விதிகள்

1. போன் அசையக் கூடாது. முக்காலி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இரண்டு துணிச் சுருள்களுக்கு இடையில் இறுக்கி வைக்கலாம். மேலிருந்து கீழே பார்ப்பதுபோல எடுக்க வேண்டுமானால் இரண்டு அலுமாரிகளுக்குக் குறுக்கே ஒரு பலகையை வைத்து, போனை அதில் நன்றாகக் கட்டிவிடலாம்.

2. முன்பக்கக் கமராவை விடுத்துப் பின்பக்கக் கமராவில் எடுங்கள். பெரும்பாலான போன்களில் பின்பக்கக் கமராதான் தரமானது.

3. குவியத்தைப் பூட்டுங்கள். வேலை நடக்கும் இடத்தைத் திரையில் விரலால் அழுத்திப் பிடித்தால் பல போன்களில் குவியமும் வெளிச்ச அளவும் அங்கேயே பூட்டப்படும். இல்லாவிட்டால் கை குறுக்கே போகும் ஒவ்வொரு தடவையும் படம் மங்கித் தெளியும்.

4. மிகக் கிட்டப் போகாதீர்கள். ஊசிக் காதைக் காட்டுவதற்காகப் போனை முட்டக் கொண்டுபோனால் குவியம் பிடிக்காது. ஒரு சாணுக்கு அப்பால் வைத்து, போனில் 4கே வசதி இருந்தால் அதில் எடுங்கள். 4கே படம் 3840க்கு 2160 புள்ளிகள் கொண்டது. சாதாரண முழு எச்டி 1920க்கு 1080. ஆகவே பிறகு வெட்டும்போது இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் எச்டி தரம் குறையாது. போனில் அதிக இடம் பிடிக்கும் என்பது மட்டுமே நட்டம்.

5. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய வீடியோவை எடுத்து யூடியூபில் ஏற்றாதீர்கள். அது ஏற்கெனவே சுருங்கிவிட்டது. வீடியோ வெட்டித் தரும் தம்பிக்கு அனுப்புவதானால் 'ஆவணம்' என்ற தெரிவின் மூலம் அனுப்புங்கள். தரம் குறையாமல் போய்ச்சேரும்.

கறுப்புத் துணியும் பளபளக்கும் பாத்திரமும்

நமது தையல்காரர்களுக்கு வரும் பெரிய சோதனை அபாயா. கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைத்துக் காட்டினால் எந்தக் கமராவிலும் தையல் தெரியாது. மேலும், திரை முழுவதும் கறுப்பாக இருந்தால் கமரா "இருட்டாக இருக்கிறது" என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கறுப்பு சாம்பல் நிறமாகும். வெள்ளை ஜுப்பாவில் இதற்கு நேர்மாறு. வெள்ளை அழுக்காகத் தெரியும். ஆகவே குவியத்தைப் பூட்டியபின் திரையில் தோன்றும் சூரிய அடையாளத்தை, கறுப்புக்குக் கொஞ்சம் கீழேயும் வெள்ளைக்குக் கொஞ்சம் மேலேயும் இழுத்து விடுங்கள். பாடம் காட்டும்போது வெள்ளை அல்லது மஞ்சள் நூலில் தையுங்கள். "உண்மையில் கறுப்பு நூல்தான் பாவிக்க வேண்டும், விளங்குவதற்காக நிற நூலில் காட்டுகிறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பித்தளை, அலுமினியம், தங்கம் போன்றவை கண்ணாடி மாதிரி. விளக்கு, போன், நமது முகம் எல்லாம் அவற்றில் தெரியும். அவற்றைச் சுற்றி வெள்ளைத் தாள் அல்லது ரெஜிபோம் வைத்து, வெளிச்சத்தை அந்த வெள்ளையில் அடித்துத் திருப்பினால் பளபளப்பு அடங்கி வேலைப்பாடு தெரியும்.

முகம் காட்ட விரும்பாதவர்களுக்கு

வீட்டிலிருந்து உணவுப் பண்டங்கள் செய்து விற்கும், தையல் செய்யும் சகோதரிகள் பலர் முகம் காட்ட விரும்பாததால் இந்தத் துறைக்கே வராமல் இருக்கிறார்கள். செய்முறைப் பாடத்துக்கு முகம் அவசியமே இல்லை. சல்மான் கான் என்பவர் 2004 இல் அமெரிக்காவில் தூரத்திலிருந்த உறவுக்காரச் சிறுமிக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி, 2006 முதல் பாடங்களை யூடியூபில் போட்டார். அவற்றில் அவர் முகம் இல்லை. கறுப்புப் பின்னணியில் நிற எழுத்தும் அவரது குரலும் மட்டும். அதுவே 2008 இல் கான் அகடமி என்ற நிறுவனமாகி உலகம் முழுவதும் பரவியது. மேலிருந்து கைகளை மட்டும் காட்டும் வீடியோவில் குரலும் வேலையும் தெளிவாக இருந்தால் போதும். ஒலிக்கு, சட்டைக் கழுத்தில் குத்தும் சிறிய ஒலிவாங்கி நல்லது. அது இல்லாவிட்டால் மின்விசிறியை நிறுத்திவிட்டு வாய்க்குக் கிட்ட இன்னொரு போனை வைத்துக் குரலைப் பதியலாம்.

உள்ளதை உள்ளபடி காட்டுவோம்

வெளிச்சத்தைக் கையாளப் பழகியவருக்கு ஒரு சபலமும் வரும். மஞ்சள் விளக்கில் தங்கம் கூடுதலாக ஜொலிக்கும். நிறத்தைக் கூட்டினால் வெளுத்த துணியும் புதிதுபோலத் தெரியும். வெளிச்சத்தைக் குறைத்தால் கீறல் மறையும். ஈரமான தானியத்தைக் குவியலின் அடியில் வைத்திருந்த வியாபாரியின் சம்பவத்தை நாம் எல்லோரும் அறிவோம். திரையிலும் அடி, மேல் என்று இரண்டு உண்டு. புத்தளத்திலிருந்து ஒருவர் வீடியோவைப் பார்த்து வாங்கிய துணி கைக்கு வரும்போது வேறு நிறமாக இருந்தால் அவர் அந்தத் துணியை மட்டுமல்ல, நமது சொல்லையும் திருப்பி அனுப்புகிறார். எடுத்து முடிந்ததும் பொருளைப் பகல் வெளிச்சத்தில் பிடித்து, திரையிலுள்ள படத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் மட்டும் ஏற்றுங்கள். குறை இருந்தால் அதையும் கிட்டக் கொண்டுபோய்க் காட்டுங்கள். குறையைக் காட்டியவரை வாடிக்கையாளர் இலகுவில் மறப்பதில்லை.

இந்த வாரமே தொடங்குங்கள்

பெரிய திட்டம் வேண்டாம். ஒரு வேலை, மூன்று நிமிடம், அது போதும். முதலில் முடிந்த பொருளைக் காட்டுங்கள். பிறகு தேவையான சாமான்கள், அதன்பின் ஒவ்வொரு படியாகச் செய்முறை. கடினமான படியை இரண்டு தடவை, ஒருமுறை தூரத்திலிருந்தும் ஒருமுறை கிட்டவும் எடுங்கள். உண்மையான பதிவுக்கு முன் அரை நிமிடம் எடுத்துப் பெரிய திரையிலோ வேறொரு போனிலோ போட்டுப் பாருங்கள். போனின் சிறிய திரையில் எல்லாம் தெளிவாகத்தான் தெரியும். பெரிய திரைதான் உண்மையைச் சொல்லும்.

குடும்பத்தில் வயதான தொழிலாளி ஒருவர் இருந்தால் முதல் வீடியோ அவருடையதாக இருக்கட்டும். நாளை காலை அவரை வாசலருகே அமர்த்தி, வெளிச்சம் அவர் கையில் சாய்ந்து விழும்படி மேசையைத் திருப்பிப் போடுங்கள். "எனக்கென்ன தெரியும்?" என்று தட்டிக்கழிப்பார். தொழிலைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள், கை தானாகப் பேசத் தொடங்கும். அந்த நேரத்தில் லென்ஸ் துடைத்திருக்க வேண்டும், போன் அசையாமல் இருக்க வேண்டும். நமது வேலை அவ்வளவுதான்.